கூப்பாடு, காச்சல், பெரிய கண்

மார்ச் 2

அன்புள்ள ஃப்யூஸுக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியாது, ஏன்னா மூணு வருஷமா நீ சொல்லலை, நானும் கேட்கலை. இந்த ஆள் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு எழுதறார்னு நீ யோசிப்பே. அன்னிக்கு நான் பேசிக்கிட்டிருக்கும்போதே நீ போனை வெச்சே. உடனே நான் ஒரு சபதம் போட்டேன்: இனிமே இவகூட போன்ல பேச மாட்டேன். போன்லன்னுதான் சொன்னேன். தபாலைப் பத்தி நான் வாயே திறக்கலை. அத்தை சாட்சி. அதனால் இந்தக் கடிதத்தால் என் சபதத்துக்கு ஒரு கீறல்கூட விழாது.

விஷயம் நம்ம மூக்கியைப் பத்தி. நீ சின்னப் பிள்ளையா இருந்தப்போ அதோட நீள மூக்கு மேல மல்லாந்து படுத்துத் தூங்குவியே, அந்த லாரிதான். இன்னிக்கும் அந்த ரத்தச் சிவப்புச் சிங்கம் ரோட்டில் இறங்கினா புது வண்டிக்காரன் எல்லாம் ஓரம் கட்டிக் கும்பிடறான். போன மாசம் ஒரு மந்திரி காரே ஒதுங்கி வழிவிட்டுது. (மந்திரி உள்ளே இருந்தாரான்னு நான் பார்க்கலை.)

மழைக்காலத்தில் ஷெட்டுக்குள்ள எலி புகுந்து வயரை எல்லாம் கடிச்சுத் துப்பிடுச்சு. சாதாரண எலி இல்லை, பூனையைத் துரத்தற ஜாதி. நானே உட்கார்ந்து மூணே நாளில் எல்லாத்தையும் ஒட்டுப் போட்டேன். கடைத்தெரு எலக்ட்ரீசியன் வரேன்னு கெஞ்சினான். எனக்கு நீ கத்துக் குடுக்கிறியான்னு அனுப்பிட்டேன்.

அப்புறம் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனேன். அதிகாரி பிரேக்கை மிதின்னார். மிதிச்சேன். ஹார்ன் அடிச்சுது. ஹார்னை அழுத்துன்னார். பின்னாடி பிரேக் விளக்கு எரிஞ்சுது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டார். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு வண்டியைப் பார்த்ததே இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொன்னார். அதை அவர் வேற அர்த்தத்தில் சொன்னார்னு அத்தை சொல்றா. அவளுக்கு அரசாங்க பாஷை புரியாது.

ஏப்ரல் 17ஆம் தேதி ரெண்டாவது சோதனை. அதிலும் தேறலைன்னா நம்பர் பலகையைக் கழட்டி வெச்சுக்கிட்டு வண்டியை உடைக்கிற யார்டுக்கு அனுப்பிடுவாங்களாம். பழைய வண்டிகளுக்கு அதுதான் சட்டமாம். மூணாவது வாய்ப்பு கிடையாது. நான் பயப்படலை. மூக்கி இல்லாத வீட்டில் காலையில் எழுந்து எந்தப் பக்கம் நடக்கிறதுன்னு மட்டும் தெரியலை.

அதனால் வயரிங் செட்டை மொத்தமா மாத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன். மூணு விதம் கிடைக்குது. ஒண்ணு, பழைய வண்டிகளுக்குன்னே ஒருத்தர் துணி சுத்தி, அசல் மாதிரியே கலர் கலரா செய்யறார். ரெண்டு, எந்த வண்டிக்கும் பொருந்தும்னு டப்பாவில் வர்ற புது மாடல், வயர் முழுக்க என்னவோ அச்சடிச்சிருக்கு. மூணு, யார்டில் உடைச்ச ஒரு லாரியோடது, எலி தொடாதது. மூணையும் பத்தி எனக்கு எல்லாமே தெரியும். இருந்தாலும் நீ வயரிங் செட் செய்யற கம்பெனியில் வேலை பார்க்கறியே, உன்னையும் ஒரு வார்த்தை கேட்டா உனக்குப் பெருமையா இருக்குமேன்னு கேட்கிறேன்.

இப்படிக்கு,
சாலைகளின் சக்கரவர்த்தி,
உன் மாமா

*

மார்ச் 9

மாமாவுக்கு,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை கோபத்தோட, ரெண்டாவது தடவை சிரிச்சுக்கிட்டே, மூணாவது தடவை கையில் பேனாவோட. பேனாவோட படிச்சதுக்கு மட்டும் பதில் எழுதறேன்.

சிரிச்சேன்னதால எல்லாம் மறந்துபோச்சுன்னு நினைக்காதீங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் முதல்முதலா கடை போட்டேன். வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து, கதவுக்குப் பச்சைன்னு ரெண்டு டப்பா பெயின்டும் வாங்கி உங்க கையில் குடுத்தேன். நீங்க எழுத்தைப் பச்சையில் எழுதி, கதவைச் சிவப்பா அடிச்சு வெச்சீங்க. கேட்டதுக்கு, "வேணும்னுதான் மாத்தினேன், உனக்கு ரசனை பத்தாது"ன்னு வந்திருந்த எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அன்னிக்கு ராத்திரி போன்ல, "உங்களுக்கு வாயைத் தவிர வேற எதுவும் வேலை செய்யாது"ன்னு நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும். ஆனா ஏன் சொன்னேன்னு நீங்க ஒரு நாளும் கேட்கலை.

இனி வயரிங். டப்பாவில் வர்றது வேண்டாம். அதில் இருபத்தொரு இணைப்பு இருக்கும். ரேடியோவுக்கு, ஏசிக்கு, பட்டன் தட்டினா இறங்கற கண்ணாடிக்கு. மூக்கிக்கு அதில் பாதி போதும். மிச்ச வயரை எல்லாம் எங்கே சுருட்டி வைப்பீங்க? யார்டு வயர் வேண்டவே வேண்டாம். வெளியே நல்லாத்தான் இருக்கும், உள்ளே செம்பு கருத்து நொறுங்கிக் கிடக்கும்.

துணி சுத்தினதுதான் சரி. அசல் நிறங்களிலேயே வருது. கூட ஒரு படம் குடுப்பாங்க. எந்த நிறத்தைக் கழட்டறீங்களோ அதே நிறத்தை அங்கேயே மாட்டினா முடிஞ்சுது. யோசிக்கவே வேண்டாம். ஒரே ஒரு சந்தேகம். நீங்க பின்னாடி பாடியை நீளமாக்கினீங்களே, அசல் அளவு எட்டுமா? பேட்டரியிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சணல் கயிறு பிடிச்சு, போய்ச் சேர்ற இடத்தில் முடிச்சுப் போட்டு அனுப்புங்க. பழைய வயரிலும் ஒவ்வொண்ணா ஒரு விரல் நீளம் வெட்டி, எது எதுக்குன்னு சீட்டு கட்டி அனுப்புங்க.

அப்புறம், மூக்கியைச் சிவப்புச் சிங்கம்னு சொல்றதை இன்னும் விடலையா? அந்த ஜோக் எனக்குப் பத்து வயசிலேயே பழசாயிடுச்சு.

அத்தையை விசாரிச்சதாச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க அக்கா மகள்

*

மார்ச் 15

அன்புள்ள ஃப்யூஸுக்கு,

உன் கடிதம் வந்தது. பிறத்தியார் கையெழுத்து எனக்கு ஓடாதே, அதனால் வழக்கம்போல அத்தைதான் வாசல்படியில் உட்கார்ந்து உரக்கப் படிச்சா. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திட்டுக் கேட்டார். நீ பலகை விஷயத்தை எழுதின இடத்தில், "பொண்ணு சொல்றதில் நியாயம் இருக்கு"ன்னு ஒரு தீர்ப்பும் சொன்னார். அவர் எனக்குத் தைச்ச சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அவர் நியாயம் பேசறார்.

நான் ஏன் மாத்தினேன்னா மாத்தினேன். அதில் பேச ஒண்ணும் இல்லை. ஒரு கலைஞன் கையில் தூரிகை குடுத்தா அது போற போக்கில்தான் போகும்.

கயிறு அனுப்பியிருக்கேன். பேட்டரியில் ஒரு ஆணி அடிச்ச மாதிரி கயிற்று நுனியை நான் பிடிச்சுக்கிட்டேன், மறு நுனியை அத்தை இழுத்துக்கிட்டே பின் விளக்கு வரைக்கும் போனா. நடுவில் சண்டை வந்து ஒரு முடிச்சு ஒரு சாண் தள்ளி விழுந்திருக்கு. அதை அவிழ்த்து மறுபடி போட்டாச்சு. பெரிய பெரிய பாலம் கட்டறவங்ககூட இவ்வளவு துல்லியமா அளக்க மாட்டாங்க.

டீத்தூள் டப்பாவுக்குள்ள பன்னெண்டு வயர்த் துண்டு இருக்கு. எல்லாத்திலும் சீட்டு கட்டியிருக்கேன். ஒரு விஷயம் நீயே கண்ணால் பாரு. அந்தக் காலத்துக் கம்பெனிக்காரன் செஞ்ச அநியாயம். ஹார்னுக்குப் போறதும் சிவப்பு, பிரேக் விளக்குக்குப் போறதும் சிவப்பு. ரெண்டுக்கும் ஒரே நிறம் போட்டா மனுஷன் எப்படிக் கண்டுபிடிப்பான்? அதனால்தான் அன்னிக்கு பிரேக்கை மிதிச்சா ஹார்ன் அடிச்சுது. தப்பு என்மேல இல்லை. அதிலும் அந்த ஹார்ன் வயர் அசல் மூக்கி நிறம். மூக்கி கதவு மேல வெச்சே பார்த்தேன், ஒட்டி வெச்ச மாதிரி இருந்தது.

அதனால் துணி சுத்தின செட் வேண்டாம். காரணம் நிறைய இருக்கு. துணின்னா எலிக்கு மெத்தை போட்ட மாதிரி. அப்புறம் துணி மழைக்கு நனையும். அப்புறம் அது ஒரு மாதிரி பழைய காலத்து ஆளுங்க போடறது. நம்ம மாதிரி ஆளுக்கு டப்பாவில் வர்ற புது மாடல்தான் சரிப்படும். ஒவ்வொரு வயரிலும் அது எங்கே போகணும்னு எழுதியே இருக்காம். நேத்து கடையில் போய்ப் பார்த்தேன். கண்ணாடி இல்லாம பார்த்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கண்ணாடி போட்டுப் பார்த்தா இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு, ஆனா இது ரொம்பப் பொடி இங்கிலீஷ்.

கடைத்தெரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாட்டிக்கலாமேன்னு அத்தை சொல்றா. என் வண்டிக்குள்ள இன்னொருத்தன் தலையை விட்டு, "அந்தப் பச்சையை எடுங்க, இந்தச் சிவப்பை எடுங்க"ன்னு என்னை எடுபிடி வேலை வாங்கறதா? அதுக்கு மூக்கி யார்டுக்கே போகலாம்.

சிவப்புச் சிங்கம்னா என்ன ஜோக்? அதில் சிரிக்க என்ன இருக்கு? நீ சிரிக்கணும்னு நான் சொல்லலையே.

இப்படிக்கு,
கயிறு பிடித்த கை வலியுடன்,
உன் மாமா

*

மார்ச் 22

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

பார்சல் பத்திரமா வந்தது. டீத்தூள் டப்பாவைத் திறந்து துண்டுகளை எல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையா வெச்சு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன்.

மாமா, மூணு செட்டுமே வேண்டாம். நானே கட்டித் தரேன்.

எங்க ஒர்க்‌ஷாப்பில் சுவர் நீளத்துக்கு ஒரு பலகை இருக்கு. அதில் வயர் எந்த வழியா போகணும்னு ஆணி அடிச்சிருப்போம். ஆணிக்கு ஆணி வயரை இழுத்து, சேர்ற இடத்தில் கட்டி, மேல டேப் சுத்துவோம். ஒரு நாளைக்கு நாற்பது டிராக்டருக்கு நானே கட்டறேன். ஒரு மூக்கிக்குக் கட்ட மாட்டேனா? சூப்பர்வைசர் அம்மாகிட்ட கேட்டேன். ஞாயித்துக்கிழமை பலகையை எடுத்துக்கோ, மிச்சம் மீதி வயரை எடுத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. உங்க கயிற்றைத்தான் ஆணிக்கு அளவா வெச்சுக்கப் போறேன். அத்தை சண்டை போட்ட முடிச்சு எதுன்னு தெரியுது. அங்கே கயிறு நசுங்கியிருக்கு.

ஒரே ஒரு குறை. இங்கே மிச்சமா இருக்கிறது எல்லாம் கருப்பு வயர்தான். வேற நிறம் ஒண்ணுகூட இல்லை. அதனால் பன்னெண்டும் கருப்பாவே இருக்கும். அதுக்காக என்னைத் திட்டாதீங்க. அடையாளத்துக்கு ஒவ்வொரு வயரோட ரெண்டு நுனியிலும் ஒரு குட்டி வெள்ளை உறை போட்டு அதில் பேர் அச்சடிச்சுடுவேன். தமிழ்லதான். எழுத்தைப் பெரிசாவே போடறேன், லாரிக்குள்ள வெளிச்சம் கம்மியா இருக்குமில்ல.

அதனால் ஒரு வேலை பண்ணுங்க. ஒவ்வொண்ணுக்கும் உங்க வாயில் என்ன பேர் வருமோ, அதையே எழுதி அனுப்புங்க. புத்தகத்துப் பேர் வேண்டாம். நீங்க பழக்கத்தில் சொல்றதுதான் வேணும்.

இப்படிக்கு,
ஃப்யூஸ்

*

மார்ச் 27

அன்புள்ள ஃப்யூஸுக்கு,

கருப்பா? பரவாயில்லை. ராஜாக்கள் வண்டியில் எல்லாம் கருப்பு வயர்தான் இருந்ததாம், நான் எங்கேயோ படிச்சிருக்கேன். அத்தைக்குத்தான் வருத்தம், "பிள்ளைக்குக் கலர் வயர்கூட குடுக்காத கம்பெனியா"ன்னு. நான்தான் சமாதானம் பண்ணேன். உண்மையைச் சொன்னா, எல்லாம் கருப்புங்கிற வரியை அத்தை படிச்சதும் ஒரு டீ கூடுதலாக் குடிச்சேன்.

பேர் கேட்டிருக்கே. முன் விளக்கு பெரிய கண். அதுக்குக் கீழே இருக்கிறது சின்ன கண். திரும்பும்போது எரியறது கண்ணடிப்பான். இடது கண்ணடிப்பான், வலது கண்ணடிப்பான்னு எழுதினா போதும், எனக்கு இடது வலதில் எல்லாம் குழப்பமே வராது, அத்தைக்குத்தான் வரும். பிரேக் விளக்கு நில்லு. ஹார்ன் கூப்பாடு. கண்ணாடி துடைக்கிறது தொடப்பம். வண்டியைக் கிளப்பற மோட்டார் உதை, ஏன்னா முன்னே எல்லாம் நான் காலாலயே ஒரு உதை விட்டுத்தான் கிளப்புவேன் (அத்தை தலையாட்டறா, நம்பாதே). டீசல் முள் தாகம். எஞ்சின் சூடு காட்டற முள் காச்சல். ஓடும்போது பேட்டரிக்கு ஏத்தறது சம்பளம். உச்சியில் இருக்கிற சின்ன பல்பு நட்சத்திரம்.

இந்தப் பேரை எல்லாம் உன் கம்பெனியில் அச்சடிச்சா உன் சூப்பர்வைசர் அம்மா சிரிக்க மாட்டாங்களா? சிரிச்சா சிரிக்கட்டும். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்து டிரைவர்கள் மொத்தமும் என் பேரைத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. ஒரு முந்நூறு பேர் இருப்பாங்க. சரி, முப்பது.

நாள் ஓடுது. இன்னும் இருபத்தோரு நாள்தான். மூக்கி ஷெட்டில் ஒரு வயரும் இல்லாம நிக்குது. தினம் காலையில் போய் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வரேன். துருப்பிடிக்காம இருக்கத்தான், வேற ஒண்ணுக்கும் இல்லை.

இப்படிக்கு,
பெயர் சூட்டிய பெருமகன்,
உன் மாமா

*

ஏப்ரல் 6

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு. இதோ அனுப்பிட்டேன். பெட்டியைத் திறந்ததும் பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும், அத்தை பயப்பட வேண்டாம்.

பெரிய கண்ணுக்கும் உதைக்கும் தடிமனான வயர் போட்டிருக்கேன். அசலில் மொத்த வண்டிக்கும் ரெண்டே ஃப்யூஸ். நான் எட்டு வெச்சிருக்கேன். எங்காவது உரசினா அந்த ஒண்ணு மட்டும் போகும், மத்தது எரியும். வெளியே கெட்டியான குழாய் மாட்டியிருக்கேன். உங்க எலி எந்த ஜாதியா இருந்தாலும் பல்லு வலிதான் மிச்சம்.

உறை அச்சடிக்கிற மெஷின்கிட்ட சூப்பர்வைசர் அம்மா வந்து நின்னாங்க. "காச்சல்னா என்ன சாமான்?"னு கேட்டாங்க. சொன்னேன். அப்புறம் ஒவ்வொண்ணா வாங்கிப் படிச்சாங்க. "சம்பளம்"கிற உறையை மட்டும் திருப்பிக் குடுக்க மனசே வரலை அவங்களுக்கு. காய்ச்சல்னு திருத்தட்டுமான்னு கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன். திருத்தினா வேற யாரோ வண்டி மாதிரி ஆயிடும்.

மாமா, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஃப்யூஸ் பெட்டியின் மூடியை நீங்களே திறந்து பாருங்க. அத்தைக்கு அந்த மூடி திறக்க வராது, விரல் வழுக்கும்.

இப்படிக்கு,
ஃப்யூஸ்

(ஃப்யூஸ் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த சீட்டு)

மாமா, இது உங்களுக்கு மட்டும். படிச்சுட்டு டீ அடுப்பில் போட்டுடுங்க.

கருப்பு வயர்தான் மிச்சம்னு நான் சொன்னது பொய். எங்க அலமாரியில் இல்லாத நிறமே இல்லை.

நீங்க அனுப்பின துண்டுகளில் சிவப்புன்னு சீட்டு கட்டினது ரெண்டு. அதில் ஒண்ணுதான் சிவப்பு. இன்னொண்ணு பச்சை. கம்பெனிக்காரன் சரியாத்தான் போட்டிருக்கான். முதலில் நீங்க விளையாடறீங்கன்னு நினைச்சேன். அப்புறம் என் கடைக் கதவும் பலகையும் ஞாபகம் வந்தது. அந்த ரெண்டு டப்பாவும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, மூடியில் பேர்கூட இங்கிலீஷ். உங்களுக்கு அந்த ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், இல்லையா மாமா? எப்பவுமே அப்படித்தானா?

சில பேருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்குமாம். நீங்க ஊர் உலகத்தைப் பத்தி அத்தனை கதை விட்டதால், நிறத்தை மாத்திச் சொன்னாலும் அதுவும் ஒரு கதைன்னே நாங்க எல்லாரும் சிரிச்சுட்டோம். நானும்தான்.

அன்னிக்கு போன்ல சொன்னதைத் திரும்ப எடுத்துக்கறேன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

*

ஏப்ரல் 19

அன்புள்ள ஃப்யூஸுக்கு,

வெற்றி. முரசு கொட்டு.

எப்படி நடந்ததுன்னு கேளு. பார்சல் வந்த அன்னிக்கே ஷெட்டுக்குள்ள போனேன். சரியா நாலு நாள். கூப்பாட்டைக் கூப்பாட்டில் மாட்டினேன், நில்லை நில்லில் மாட்டினேன். ஒரு தடவைகூட கை நிக்கலை. தையல்காரர் வந்து, "என்னய்யா எல்லாம் கருப்பா இருக்கு, குழம்பாதா?"ன்னார். "படிக்கத் தெரிஞ்சவனுக்கு என்ன குழப்பம்"னேன். வாழ்க்கையில் முதல் தடவையா அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது. ரொம்ப ருசியா இருந்தது.

உன் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு உறையா எடுத்துக் குடுத்தா. தாகத்தைக் குடுன்னா தாகத்தைக் குடுப்பா. காச்சலைக் குடுன்னேன், "உங்களுக்கு நான் குடுத்தது பத்தாதா"ன்னா. கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷத்தில் நாங்க ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் சண்டை இல்லாம இருந்தது இதுதான் முதல் தடவை.

பதினேழாம் தேதி காலையில் உதையைத் தொட்டேன், மூக்கி ஒரே உறுமலில் எழுந்தது. தெருவே வெளியே வந்து நின்னுது. சோதனை மைதானத்தில் அதே அதிகாரி. என்னைப் பார்த்ததும் ரெண்டடி பின்னாடி போனார். பிரேக்கை மிதின்னார். நில்லு எரிஞ்சுது. ஹார்னை அழுத்துன்னார். கூப்பாடு போட்ட போட்டில் மரத்தில் இருந்த காக்கா எல்லாம் பறந்துபோய் இன்னும் திரும்பலை. இடது, வலது, பெரிய கண், சின்ன கண், மழையே இல்லாத வானத்தில் தொடப்பம் வீசி வீசி ஆடுது. பானெட்டைத் திறந்து உள்ளே குனிஞ்சார். உறைகளைப் படிச்சார். சத்தம் போட்டுப் படிச்சார். "கூப்பாடு... காச்சல்... சம்பளம்... யாருய்யா இதைச் செஞ்சது?"ன்னார். "பெரிய கம்பெனியில் எனக்குன்னே தனியா செஞ்சு வாங்கினது. செஞ்சவ என் அக்கா மக"ன்னேன். மைதானத்தில் இருந்தவங்க எல்லாரும் கை தட்டினாங்க.

(அத்தை எழுதுவது: கை தட்டியது ஒரே ஒருத்தர். அவரும் கொசு அடித்தார். ஆனால் மற்றதெல்லாம் உண்மை. உன் மாமா திரும்பி வரும்போது வழியெல்லாம் பாடினார்.)

மேலே உள்ள குறிப்பைப் பொருட்படுத்தாதே. அவ பக்கம் மரம் மறைச்சுது.

ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். விண்ணப்பத்தில் வண்டியின் நிறம்னு ஒரு கட்டம். நான் வழக்கம்போல சிவப்புன்னு எழுதினேன். அவர் தாளைப் பார்த்தார், மூக்கியைப் பார்த்தார், கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்தார். அத்தை உடனே, "அவர் எப்பவும் இப்படித்தான் விளையாடுவார் சார்"ன்னா. அவர் சிரிச்சுட்டு அதை அடிச்சுட்டு என்னவோ கிறுக்கி முத்திரை வெச்சார். இன்னும் அஞ்சு வருஷத்துக்கு மூக்கியை யாரும் தொட முடியாது.

உன்னைச் சின்ன வயசில் ஃப்யூஸ்னு கூப்பிட ஆரம்பிச்சது நீ சட்டுனு கோவிச்சுக்கிட்டு அணைஞ்சு போறதால. ஃப்யூஸ் போறது வண்டி எரிஞ்சு போகாம இருக்கத்தான்னு நேத்துதான் அத்தைகிட்ட விளக்கினேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியுமாம்.

இப்படிக்கு,
தகுதிச் சான்று பெற்ற தனிப்பெரும் தலைவன்,
உன் மாமா

(கடித உறையின் ஓரத்தில் செருகியிருந்த துண்டுத் தாள்)

அத்தை பசை எடுக்க உள்ளே போன நேரத்தில் எழுதறேன். இதில் ஒரு பொய்யும் இல்லை. அதனால்தான் சின்னதா இருக்கு.

உன் சீட்டை ஷெட்டில் தனியா உட்கார்ந்து நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ரொம்ப நேரம் ஆச்சு. ஆமாம். எப்பவுமே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் இலைக்குச் சிவப்பு அடிச்சேன்னு வகுப்பே சிரிச்சுது. வேணும்னுதான் அடிச்சேன்னு சொன்னேன். சொன்னதும் அந்தச் சிரிப்பு எனக்குச் சாதகமா மாறிடுச்சு. அன்னியிலிருந்து அதுதான் வழி. லைசென்ஸ் வாங்கறப்போ கண் டாக்டர் புள்ளி புள்ளியா ஒரு புத்தகம் காட்டினார். எனக்கு முன்னாடி நின்னவன் நம்பரை எல்லாம் உரக்கச் சொன்னான், நான் மனப்பாடம் பண்ணிட்டேன். ரோட்டில் மேலே எரிஞ்சா நில்லு, கீழே எரிஞ்சா போ. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் தப்பு பண்ணினதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லலை, கணக்குக்குச் சொல்றேன்.

உன் பலகையை நான் வேணும்னு மாத்தலை. ரெண்டு நாள் குனிஞ்சு உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் உனக்குப் பிடிக்கணும்னுதான் எழுதினேன். நீ கடையைக் காலி பண்ணினப்போ தூக்கிப் போட்ட அந்தப் பலகை இப்போ என் ஷெட்டில் இருக்கு. நல்ல எழுத்து. நீ ஒரு தடவை எழுத்தை மட்டும் பாரு.

ஒண்ணே ஒண்ணு கேட்கணும். வேற யாரையும் கேட்க முடியாது. அத்தைகிட்ட முப்பது வருஷமா சிவப்புன்னு சொல்லியாச்சு. அந்த அதிகாரி கிறுக்கினது என்னால படிக்க முடியலை. ரெண்டு துண்டும் ஒரே நிறம் இல்லைன்னு எழுதினியே. மூக்கி அதில் எந்தத் துண்டு?

*

ஏப்ரல் 24

மாமாவுக்கு,

தகுதிச் சான்று கிடைச்சதில் ரொம்ப சந்தோஷம். சூப்பர்வைசர் அம்மா காக்கா கதையைக் கேட்டுட்டு, இனிமே எல்லா டிராக்டருக்கும் ஹார்ன் உறையில் கூப்பாடுன்னே அச்சடிக்கலாமான்னு யோசிக்கிறாங்க. அத்தை இந்த வரியை ரெண்டு தடவை படிக்கவும், தையல்காரருக்குக் கேட்கணும்.

பலகையை இறக்கிடாதீங்க. அடுத்த மாசம் எனக்குப் பத்து நாள் லீவு. மூக்கியிலேயே ஸ்டேஷனுக்கு வாங்க. லீவு முடிஞ்சு திரும்பும்போது பலகையை மூக்கி பின்னாடி ஏத்திக்கிட்டு இங்கே கொண்டுவந்து என் ரூமில் மாட்டப் போறேன். எழுத்து மாத்தாம, நிறம் மாத்தாம.

நீங்க கடைசியாக் கேட்டீங்களே, ஒரு சாமானைப் பத்தி, அதுக்குப் பதில் கடிதத்தில் எழுத முடியாது. ஏன்னு உங்களுக்கே தெரியும். இதையும் அத்தைதான் படிச்சுக்கிட்டிருக்காங்க. போன்லதான் சொல்ல முடியும்.

உங்க சபதத்தைப் பத்தி யோசிச்சுப் பார்த்தேன். நீங்க என்கூடப் பேச மாட்டேன்னுதான் சொன்னீங்க. கேட்க மாட்டேன்னு சொன்னதா ஒரு சாட்சியும் கிடையாது.

சாயங்காலம் நாலு மணிக்கு எங்களுக்கு டீ இடைவேளை. ஷெட்டுக்குள்ள போய், மூக்கி கதவு மேல ஒரு கையை வெச்சுக்கிட்டு, என் நம்பரைப் போடுங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் ஒரே ஒரு வார்த்தை சொல்வேன். அப்புறம் நீங்களா வைக்கிற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஃப்யூஸ்